அறுநூறை எப்போது விடுவது?

“மாமா, கடைன்னு ஒண்ணு ஆரம்பிச்சா அறுநூறு நின்னுடுமா?”

கேட்டவன் எங்கள் பக்கத்துத் தெரு நெசவாளியின் மகன். பி.காம். படித்தவன், வயது இருபத்தேழு. ஆரணி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய டீக்கடையில் காலை ஏழு மணிக்கே என்னைப் பிடித்துவிட்டான். வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவனுக்கு ஊரில் இப்படி ஒரு வேலை மிச்சமிருக்கும். விண்ணப்பம் எழுதப் போகிறவர்கள், எழுதலாமா என்று யோசிக்கிறவர்கள், எழுதித் திரும்பி வந்தவர்கள் எல்லாரும் டீ வாங்கித் தருவார்கள். சர்க்கரை கம்மி என்று சொல்ல மட்டும் நான் மறக்கக் கூடாது.

“நிக்கும்” என்றேன்.

“அப்ப வேணாம் மாமா.”

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அந்த ‘வேணாம்’ தப்பு என்று அவனுக்குப் புரியவைக்க மூன்று டீ ஆயிற்று. அவனிடம் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே கேள்வியை வேறு வேறு முகங்கள் என்னிடம் கேட்டுவிட்டன.

அறுநூறு என்று அவன் சொன்னது, வேலைவாய்ப்பகம் மூலம் தமிழக அரசு தருகிற வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை. பத்தாம் வகுப்பு தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் டூ முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்த்து வங்கிக் கணக்கில் ஏறும். மொத்தம் மூன்று வருஷம். அதற்கு முன்னால் வேலைவாய்ப்பகத்தில் பதிந்து ஐந்து வருஷம் காத்திருந்திருக்க வேண்டும். வயது 40-ஐத் தாண்டக் கூடாது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 45. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பொறியியல், மருத்துவம், சட்டம் மாதிரித் தொழிற்படிப்புக்காரர்களுக்குக் கிடையாது. மாற்றுத்திறனாளிகளுக்கு விதிகள் இளகியவை: பட்டதாரிக்கு மாதம் 1,000, பத்து வருஷம் வரை, பதிந்து ஒரு வருஷம் ஆனாலே போதும்.

இதில் இவன் தலையைச் சுற்றவைத்த நிபந்தனை ஒன்று உண்டு. உதவித்தொகை வாங்குகிறவர் அரசு வேலையிலோ தனியார் வேலையிலோ சுயதொழிலிலோ இருக்கக் கூடாது. வருஷத்துக்கு ஒருமுறை அப்படி இல்லை என்று சுய உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவும் வேண்டும்.

72,000 என்பதை மாதக் கணக்காக்கினால் 6,000. நெசவாளி வீட்டுக்கு இது பொருந்துமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: 2019-20இல் எடுத்த நாலாவது கைத்தறிக் கணக்கெடுப்பில், நாட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நெசவாளர் குடும்பங்களின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்குக் கீழே என்று பதிவாகியிருக்கிறது. ஆக, கல்யாணத்துக்குக் கல்யாணம் பட்டு அனுப்புகிற ஊரில், அந்தப் பட்டை நெய்கிற வீட்டுப் பையன் இந்த வரம்புக்குள் உட்கார இடம் தாராளமாகவே இருக்கிறது. அவன் அம்மாவுக்கு மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 வருகிறது. பட்டம் வாங்கிய மகனுக்கு 600. இதை நான் வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

“எத்தனை மாசம் வாங்கியாச்சு?”

“பதினெட்டு.”

“மிச்சம்?”

“பதினெட்டு.”

டீக்கடைப் பேப்பரின் ஓரத்தில் எழுதினேன். 18 மாதம், 600 ரூபாய், 10,800. இன்னும் வரவேண்டியது இவ்வளவுதான். இதற்காகவா ஒரு தொழிலை வேண்டாம் என்கிறாய் என்று கேட்டால், கணக்குத் தெரிந்த பையன் தலையைக் குனிந்துகொண்டான். பயம் ரூபாயில் இல்லை. குரூப் நாலு எழுதியிருக்கிறான், மறுபடி எழுதப் போகிறான். ‘வேலை தேடுபவர்’ என்ற பெயரோடு வீட்டில் இருந்தால் அப்பாவுக்கு ஒரு பதில் சொல்லலாம். கடை போட்டு நொடித்துவிட்டால் அந்தப் பெயரும் போய்விடும். அறுநூறு அந்தப் பெயருக்கு அரசாங்கம் போடும் முத்திரை மாதிரி. உதவித்தொகை வாங்குவதால் பதிவு மூப்பு ரத்தாவதில்லை என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. அந்த மூப்பை வைத்துக்கொண்டு எத்தனை பேருக்கு அழைப்பு வந்தது என்பதும் அவனுக்குத் தெரிந்தே இருந்தது.

இரண்டாவது டீ வந்தபோதுதான் உண்மை வெளியே வந்தது. கடையை ஆரம்பிக்கலாமா என்று அவன் கேட்கவில்லை, ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டான். தேவிகாபுரம் பக்கத்திலும் ஒண்ணுபுரத்திலும் தெரிந்த தறிக்காரர்களிடம் புடவையைப் படம் பிடித்து, சென்னையில் வேலை பார்க்கும் கூட்டாளிகளின் வாட்ஸ்அப்பில் போடுகிறான். மாதம் இரண்டு மூன்று புடவை போகிறது. பணம் அக்கா கணக்கில் ஜிபேயில் வருகிறது. கணக்கு நோட்டு கிடையாது. “ரெண்டு புடவை விக்கிறதெல்லாம் ஒரு தொழிலா மாமா?” என்றான்.

தொழில்தான். சின்னத் தொழில். உறுதிமொழித் தாளில் ‘சிறிய அளவில் செய்யலாம்’ என்று எங்கும் இல்லை.

நான் ஒழுக்கப் பாடம் எடுக்கப் போவதில்லை. மறைத்து வியாபாரம் செய்கிறவனை எனக்குப் புரிகிறது. 600 ரூபாயில் எவனும் வாழ முடியாது, வாழ வேறு ஏதாவது செய்துதான் ஆக வேண்டும், செய்தால் 600 போய்விடும். இப்படி ஒரு விதியை எழுதிவிட்டு மறைக்காதே என்று சொல்வதில் கொஞ்சம் வேடிக்கை இருக்கிறது. ஆனால் மறைப்பதால் அவனுக்கு ஆகிற நஷ்டத்தை ஒரு பழைய வங்கிக்காரனாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்த நஷ்டத்தைச் செய்தவர்களில் நானும் ஒருவன். பல வருஷம் முன்பு, நாலு வருஷமாகப் புடவை வியாபாரம் செய்துவந்த ஒருவர் என் மேஜைக்கு வந்தார். ஊரில் எல்லாருக்கும் அவரைத் தெரியும், எனக்கும் தெரியும். கையில் ஒரு பில் இல்லை, கணக்கில் வரவு இல்லை. ‘அனுபவம் இல்லை’ என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். எழுதும்போதே அது பொய் என்று தெரியும். ஆனால் காகிதத்தில் அதுதான் உண்மை. அவருடைய நாலு வருஷத்தை நான் ஒரு வரியில் அழித்தேன் என்பது அப்புறம்தான் உறைத்தது.

இந்தப் பையன் இன்னும் பதினெட்டு மாதம் இப்படியே ஓட்டினால், கையில் 10,800 இருக்கும், பதினெட்டு மாத வியாபாரத்துக்கு ஒரு தடயமும் இருக்காது. மானியக் கடனுக்காகப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்துக்குப் போனால் இன்னொரு முடிச்சு: அது புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தொழிலுக்கு அதில் முதல் கடன் இல்லை. ஆக ஒளித்துச் செய்த வியாபாரத்தைச் சொன்னால் அங்கே மாட்டிக்கொள்வான், சொல்லாவிட்டால் இங்கே அனுபவம் இல்லாதவன் ஆவான்.

“அப்ப கவர்மென்டே ஒரு வழி பண்ணியிருக்கலாம்ல?” என்றான்.

அது நியாயமான கேள்வி. பண்ணிய அரசாங்கங்கள் உண்டு. பக்கத்துக் கேரளத்தில், வேலைவாய்ப்பகத்தில் பதிந்தவர்களுக்கென்றே 1999இல் ஒரு சுயதொழில் திட்டம் வந்தது. ஒரு லட்சம் வரை கடன், அதில் ஐந்தில் ஒரு பங்கு மானியம். அங்கே பெயர் பதிந்த அலுவலகமே கடனுக்கும் விண்ணப்பம் வாங்குகிறது. நமக்கு உதவித்தொகை ஒரு துறை, தொழில் கடன் வேறு துறை. திருவண்ணாமலையில் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகமும் இருக்கிறது, மாவட்டத் தொழில் மையமும் இருக்கிறது. இங்கே ‘நான் வேலையில்லாதவன்’ என்று ஐந்து வருஷம் நிரூபித்தவன், அங்கே போய் ‘நான் தொழில் செய்யக்கூடியவன்’ என்று முதலிலிருந்து நிரூபிக்க வேண்டும்.

ஜெர்மனியில் 2006இலிருந்து ஒரு தொடக்க உதவி இருக்கிறது. வேலையிழப்பு நிதி வாங்கிக்கொண்டிருப்பவர் தொழில் தொடங்கினால், அந்த நிதியை உடனே வெட்டுவதில்லை. ஆறு மாதம் அதே தொகையோடு மாதம் 300 யூரோ கூடுதலாகவும் தருவார்கள், அப்புறம் ஒன்பது மாதம் 300 மட்டும் நீளலாம். விண்ணப்பம் தொழில் தொடங்குவதற்கு முன்னால் போக வேண்டும், குறைந்தது 150 நாள் நிதி பாக்கியிருக்க வேண்டும், இந்தத் தொழில் நிற்குமா என்று வணிக சபை மாதிரி ஒரு அமைப்பு பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். 2011 கடைசிக்குப் பிறகு அதையும் உரிமையாக இல்லாமல் அதிகாரியின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள் என்பது தனிக் கதை. பிரிட்டனில் 1983இல் நாடு முழுக்க ஒரு திட்டம் வந்தது: தொழில் தொடங்கும் வேலையில்லாதவருக்கு வாரம் 40 பவுண்டு, ஒரு வருஷம். கையில் 1,000 பவுண்டு முதல் இருப்பதாகக் காட்ட வேண்டும். அதைக் கடன் வாங்கிக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. நம் ஊர் மூளை நமக்கு மட்டும் சொந்தமில்லை. வேலையில்லாதோர் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டச் செய்த வித்தை என்று அப்போது திட்டினார்கள். ஆனாலும் கிரியேஷன் ரெக்கார்ட்ஸ் என்ற பெரிய இசை நிறுவனத்தைத் தொடங்கிய ஆலன் மெக்கீ அந்த 40 பவுண்டில் நின்றவர்தான்.

இந்த ஊர்களிலெல்லாம் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். தொழில் தொடங்கும் முதல் சில மாதம் வருமானம் இருக்காது. அந்த மாதங்களில்தான் சோறு யார் போடுவது என்ற கேள்வி வரும். நம் விதி, சோறு தேவைப்படும் அந்த மாதத்திலேயே தட்டை எடுத்துவிடுகிறது. 600 ரூபாய்த் தட்டுதான், இருந்தாலும்.

“நமக்கு அதெல்லாம் இல்லையே” என்றான்.

இல்லை. ஆகவே நீயே போட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, பேப்பரின் அடுத்த ஓரத்துக்கு வந்தேன். அவனிடம் நான் சொல்ல வேண்டிய ஒரே விஷயம் இதுதான். மற்றதெல்லாம் இதைச் சுற்றி.

மாநில அரசின் வேலைவாய்ப்பற்ற இளைஞர் திட்டம், மாவட்டத் தொழில் மையத்தில் கொடுப்பது. எட்டாவது படித்திருந்தால் போதும். குடும்ப வருமான வரம்பு 5 லட்சம். 72,000 இல்லை, கவனி. உற்பத்தி, சேவை, வியாபாரம் மூன்றுக்கும் உண்டு. திட்ட மதிப்பில் 25 சதவீதம் மானியம். நீ போட வேண்டிய சொந்தப் பங்கு பொதுப் பிரிவுக்கு 10 சதவீதம். பெண்கள், பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர் போன்றவர்களுக்கு 5 சதவீதம். மீதி வங்கிக் கடன். இந்தப் பையனுக்கு 5 சதவீதம்.

மூன்று வருஷ உதவித்தொகை மொத்தம் 21,600 ரூபாய். அதை ஒரு ரூபாய்கூட எடுக்காமல் கணக்கிலேயே விட்டிருந்தால், 4,32,000 ரூபாய்த் திட்டத்துக்கு அதுவே 5 சதவீதச் சொந்தப் பங்கு. அந்தத் திட்டத்துக்கு 25 சதவீத மானியம் என்றால் 1,08,000. வாங்கிய உதவித்தொகையைப் போல ஐந்து மடங்கு. இரண்டு அலுவலகங்களுக்கு நடுவில் அரசாங்கம் போடாத பலகையை அவனே போட்டிருக்கலாம்.

“ரீசார்ஜுக்கும் பெட்ரோலுக்கும் போச்சு மாமா.”

எல்லாருக்கும் அப்படித்தான் போகும். திட்டுவதற்குச் சொல்லவில்லை. ஆனால் இதை வாசிக்கிற யாருக்காவது உதவித்தொகை இப்போதுதான் ஆரம்பித்திருந்தால், அந்தக் கணக்கின் ஏடிஎம் அட்டையை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.

இனி மானியம். நான் வங்கியில் இருந்தபோது வருஷம் முழுக்க விளக்கி ஓய்ந்த விஷயம் இது. மானியம் என்றால் கையில் தரும் பணம் என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். பிரதமர் திட்டத்தில் அந்தத் தொகை உங்கள் பெயரில் வங்கியில் மூன்று வருஷம் வைப்பாகக் கிடக்கும். அதற்கு வட்டியும் கிடையாது, கடனில் அந்த அளவுக்கு வட்டி வசூலிப்பதும் கிடையாது. மூன்று வருஷம் தொழில் நடந்தது என்று பார்த்த பிறகுதான் கடனில் கழிப்பார்கள். நடுவில் ஷட்டரை இழுத்து மூடினால் அது போய்விடும், கடன் மட்டும் நிற்கும். மானியத்தை நம்பி முதல் மாத வாடகைக்குக் கணக்குப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முத்ரா கடனுக்கு மானியம் இல்லை, ஆனால் சின்னத் தொகைக்கு அதுதான் சுலபம். 2015இல் வந்தது. 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். நெசவாளர் அட்டை வைத்திருக்கிறவருக்குச் சலுகை வட்டியில், 6 சதவீதத்துக்குத் தனி முத்ராவே இருக்கிறது. அதில் 20 சதவீதம், அதிகபட்சம் 25,000 ரூபாய், சொந்தப் பங்குக்காக அரசே போடுகிறது. அந்த அட்டை இவனுக்கு இல்லை, இவன் அப்பாவுக்கு இருக்கிறது.

கேட்டதும் கண் மின்னியது. “அப்பா பேர்ல எடுத்துடலாமா? அப்ப அறுநூறும் நிக்காது.”

இந்தப் புத்தி ஒரு நொடியில் வந்துவிடுகிறது. அப்பா தறி போடப் பணம் வாங்கினால் அது அப்பாவின் தொழில், சரி. அப்பா பெயரில் வாங்கி மகன் புடவை வியாபாரம் செய்தால், கடன் அப்பா தலையில், வியாபாரம் யார் பெயரிலும் இல்லை. திரும்பவும் தடயம் இல்லாத பதினெட்டு மாதம்.

அப்பா கதைக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. அவர் கூலி நெசவுக்காரர். முதலாளி பாவு தருவார், ஊடைப் பட்டும் ஜரிகையும் எடை போட்டுத் தருவார், புடவை முடிந்ததும் எடை பார்த்து வாங்கிக்கொண்டு கூலி தருவார். அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணம் இன்னும் தீரவில்லை. அது தீருகிற வரை அந்தத் தறியில் வேறு யாருக்கும் நெய்ய முடியாது. தறி வீட்டில் இருந்தாலும் அதன் நாள் முதலாளியுடையது. அரசுக் கணக்குகளில் இவரைச் சுயதொழில் செய்பவர் என்றுதான் எழுதுவார்கள். நாற்பது வருஷமாகச் ‘சுயதொழில்’ செய்கிறவர் வீட்டில் சுயதொழில் என்றால் பயப்படுவதில் ஆச்சரியம் என்ன?

ஆகவே, அப்பா தறியில் நெய்து மகன் விற்பது என்ற அழகான படத்தை முதல் வருஷத்துக்கு மறந்துவிடச் சொன்னேன். அவன் செய்யப் போவது வாங்கி விற்பது. அதற்கு என்ன பணம் வேண்டும் என்று பார்க்கலாம். ஒரு பேச்சுக்கு, புடவை 7,000-க்கு வாங்கி 8,000-க்கு விற்கிறான். மாதம் பத்துப் புடவை. முதல் 70,000 ரூபாய். மேல்வரும் லாபம் 10,000. கூரியர், திரும்பி வந்த புடவை, ‘அண்ணா ஒரு ஐந்நூறு குறைங்க’ எல்லாம் போக ஆறாயிரம் ஏழாயிரம் நிற்கலாம். இதுவரை அவனும் போட்டு வைத்திருந்த கணக்குதான்.

“சென்னைக் கடைக்காரர் ஒருத்தர் மொத்தமா எடுக்கிறேன்னு சொல்றார் மாமா.”

“பணம்?”

“ரெண்டு மாசத்துல.”

இங்கேதான் பையன்கள் விழுகிறார்கள். தறிக்காரருக்குக் காத்திருக்க வசதி இல்லை. புடவை இறங்கிய அன்றே பணம் வேண்டும். கடைக்காரருக்கு அவசரம் இல்லை. முதல் மாதம் 70,000-க்கு வாங்கிக் கொடுத்தாய். இரண்டாம் மாதம் மறுபடி 70,000-க்கு வாங்க வேண்டும், முதல் பணம் இன்னும் வரவில்லை. ஆக 1,40,000 உள்ளே போன பிறகுதான் முதல் ரூபாய் வெளியே வரும். நோட்டில் லாபம் இருக்கும், சட்டைப் பையில் பஸ்ஸுக்குக் காசு இருக்காது. பணம் இல்லாமல் நொடித்தவர்களைவிட, பணம் வரவேண்டியிருக்கும்போதே நொடித்தவர்கள்தான் என் மேஜைக்கு அதிகம் வந்தார்கள்.

சட்டம் ஒன்று இருக்கிறது. 2006ஆம் வருஷத்துச் சிறுதொழில் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு தொழிலிடம் சரக்கு வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆனால் அது உற்பத்தி செய்கிறவருக்கும் சேவை தருகிறவருக்கும். வாங்கி விற்கிறவர் 2021இலிருந்து உத்யம் தளத்தில் பதியலாம், முன்னுரிமைக் கடனுக்கு அது உதவும். இந்த 45 நாள் காப்பு மட்டும் வியாபாரிக்குக் கிடையாது. ஒரு தறியாவது தன் பெயரில் ஓடவிட்டால் நிலைமை வேறு. இரண்டாம் வருஷத்தில் தறியைப் பற்றி யோசி என்று சொன்னதற்குக் காரணம் பாசம் மட்டுமில்லை. வீட்டுக் கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரம் இலவசம் என்பதும் ஒரு காரணம்.

உத்யம் பதிவுக்கு ஆதார் எண்ணும் பான் எண்ணும் போதும், ஒரு பைசா செலவில்லை. ஊரில் இதற்கு ஆயிரம் இரண்டாயிரம் வாங்குகிற கம்ப்யூட்டர் சென்டர்கள் இருக்கலாம், கொடுக்காதீர்கள். சரக்கு விற்பனை ஆண்டுக்கு 40 லட்சத்தைத் தாண்டும் வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. வெளி மாநிலத்துக்கு அனுப்பத் தொடங்கினால் மட்டும் ஒரு கணக்காளரிடம் கேட்டுக்கொள். இதெல்லாம் அரை மணி வேலை, இதில் நேரத்தை வீணாக்காதே என்றேன்.

காலம் முக்கியம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. ஆடியில் கடன் வாங்கிச் சரக்கு எடுத்தவன் முதல் தவணையைக் கைக்காசில் கட்டுவான். ஆவணி முகூர்த்தத்துக்கும் தீபாவளிக்கும் விற்க வேண்டுமானால் வைகாசியிலேயே வங்கி வேலை முடிந்திருக்க வேண்டும். விண்ணப்பம் கொடுத்துப் பணம் கைக்கு வர மாதங்கள் ஆகும் என்பதால் தையிலேயே நடையைத் தொடங்க வேண்டும்.

அந்த நடைக் காலம்தான் உதவித்தொகையின் உண்மையான உபயோகம் என்று நினைக்கிறேன். விலை விசாரிப்பது தொழில் இல்லை. பயிற்சிக்குப் போவது தொழில் இல்லை. கடனுக்கு விண்ணப்பம் கொடுப்பதும் தொழில் இல்லை. மாவட்டந்தோறும் முன்னோடி வங்கி நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. 1982இல் கர்நாடகத்தின் உஜிரெயில் தர்மஸ்தலத்து வீரேந்திர ஹெக்டே இரண்டு வங்கிகளோடு சேர்ந்து தொடங்கியதைப் பார்த்து நாடு முழுக்க வந்தது. பயிற்சியும் இலவசம், சாப்பாடும் இலவசம். இதையெல்லாம் அறுநூறு வாங்கிக்கொண்டே செய்யலாம், யாருக்கும் பொய் சொல்ல வேண்டியதில்லை. கடன் தொகை கணக்கில் ஏறி, விற்பதற்கென்று முதல் புடவையை வாங்குகிற அன்று, வேலைவாய்ப்பகத்துக்கு ஒரு கடிதம்: இன்ன தேதியிலிருந்து சுயதொழில் செய்கிறேன், உதவித்தொகையை நிறுத்திக்கொள்ளவும். நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இவன் விஷயத்தில் வரிசை தலைகீழாகிவிட்டது. ஆகவே இரண்டில் ஒன்றை இன்றே செய்யச் சொன்னேன். வாட்ஸ்அப் விற்பனையை நிறுத்திவிட்டு வரிசையில் முதலிலிருந்து வா, இல்லையென்றால் அறுநூறை இந்த வாரமே எழுதிக் கொடுத்து நிறுத்து. அடுத்த உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போடாதே. இரண்டாவதுதான் நல்லது என்பது என் கட்சி. விட்டுக்கொடுப்பது 10,800. அக்கா கணக்கை விட்டுத் தன் பெயரில் ஒரு நடப்புக் கணக்குத் திறந்து, ஒவ்வொரு புடவைக்கும் பில் எழுதி, ஆறு மாதம் வரவு காட்டினால், 50,000 சிசு கடனுக்கு எந்த மேலாளரிடமும் முகம் பார்த்துப் பேசலாம். பத்து லட்சம் வரை குறு, சிறு தொழில் கடனுக்குப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கேட்டால் பணிவாக அதைச் சொல்லலாம். போன் வாங்கிய தவணை பாக்கி எதுவும் இருந்தால் முதலில் அதைக் கட்டு. மூவாயிரம் ரூபாய் பாக்கியில் சிபில் கெட்டு மூன்று லட்சம் போனதுண்டு.

நாங்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து பெஞ்சுப் பெண் ஒருத்தி நடுவில் நுழைந்தாள். செய்யாறு சிப்காட்டில் ஷூ கம்பெனியில் மூன்று வருஷம் வேலை பார்த்தவள், ஆள் குறைத்தபோது போய்விட்டது, தையல் கடை போடலாமென்று இருக்கிறாள். “எனக்கு இந்த அறுநூறு வருமாண்ணா?” என்றாள். உனக்கு வேறு ஒன்று இருக்கிறதம்மா என்றேன். இஎஸ்ஐ பிடித்தார்களா? பிடித்தார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் இஎஸ்ஐ கட்டியவருக்கு, தானாக விடாமல் வேலை போயிருந்தால், வாழ்நாளில் ஒருமுறை 90 நாளுக்குச் சராசரி தினக்கூலியில் பாதி தரும் அடல் திட்டம் 2018இலிருந்து இருக்கிறது. தினம் 400 என்றால் 200, தொண்ணூறு நாளைக்கு 18,000. ஒரு நல்ல தையல் மெஷினுக்கு மேலேயே வரும். காலக்கெடுவை அவ்வப்போது நீட்டிக்கிற திட்டம், ஆகவே நாளைக்கே கிளை அலுவலகத்தில் கேள் என்றேன். ‘தானாக விட்டேன்’ என்று கம்பெனி கொடுத்த தாளில் கையெழுத்துப் போட்டாயா என்றும் கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் டீ கிளாஸைப் பார்த்தாள். வேலை போகிற அன்று நீட்டுகிற தாளை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லி இந்த ஊரில் யாராவது வீடு வீடாகப் போக வேண்டும்.

மூன்றாவது டீக்கு நான்தான் காசு கொடுத்தேன். பையன் பேப்பர் ஓரத்தைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அதற்கடுத்த வாரம் திருவண்ணாமலை பஸ்ஸில் அவனைப் பார்த்தேன். கடிதம் எழுதி வைத்திருந்தான், தேதி மட்டும் போடவில்லை. போலூர் தாண்டுவதற்குள் போடச் சொன்னேன். போட்டான்.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், வேலை கிடைத்ததா என்று கேட்பதைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு, போன வருஷம் கொடுத்த உறுதிமொழித் தாளின் நகலை எடுத்துவரச் சொல்லுங்கள். இரண்டு பேரும் உட்கார்ந்து அதை ஒருமுறை முழுக்க வாசியுங்கள்.